ராவல்பிண்டிக்கும் செகந்திராபாத்துக்கும் பிறகு பிறந்தவள்

என் அண்ணன் பெயர் ராவல்பிண்டி. என் பெயர் செகந்திராபாத். சிரிக்கிறவர்கள் சிரித்து முடித்துவிடுங்கள், பிறகு சொல்கிறேன்.

எங்கள் அப்பா, நைனா, பட்டாளத்தில் சமையல்காரர். பட்டாளம் போகிற ஊருக்கெல்லாம் அண்டா குண்டாவோடு அவரும் போவார். நாங்கள் மட்டும் அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில், மர்பி டவுனில் ஒரே வீட்டிலேயே இருந்தோம். பிள்ளை பிறந்த சமயத்தில் நைனா எந்த ஊரில் இருக்கிறாரோ, அந்த ஊரின் பெயரையே பிள்ளைக்கு வைப்பது அம்மாவின் வழக்கம். "புள்ளைய கூப்பிட்டா அவரு காதுல விழுந்த மாதிரி" என்பாள். அதற்கு மேல் அவளிடம் நியாயம் கேட்க முடியாது.

அண்ணனுக்கு அந்தப் பெயர் பொருந்தித்தான் இருந்தது. அவன் உடம்பும் குரலும் தூரத்து ஊர் மாதிரி பெரிசு. பிண்டி என்று தெருவே கூப்பிட்டது. எனக்குத்தான் அநியாயம். என் பெயரை முழுசாகச் சொல்லி முடிப்பதற்குள் சோறு ஆறிப்போகும். மைசூர் என்று வைத்திருந்தால் தலையில் பூவோடு அடக்கமாக வளர்ந்திருப்பேன். கோலார் என்றிருந்தால்கூடக் கறாரான பொம்பளை என்று நாலு பேர் பயந்திருப்பார்கள். பள்ளிக்கூடத்தில் மட்டும் எங்களுக்கு ஒழுங்கான சாமிப் பெயர்கள் இருந்தன. அந்தப் பெயரில் கூப்பிட்டால் நான் பாதி நாள் திரும்பிப் பார்ப்பதில்லை.

யுத்தம் வந்தது. நைனா பம்பாயில் கப்பல் ஏறினார் என்பது வரைக்கும் தெரியும். அம்மா அப்போது மாசமாக இருந்தாள். தங்கை பிறந்தபோது நைனா எந்த ஊரில் இருந்தார் என்று சொல்ல ஒருவரும் இல்லை. கிழக்கே போன பட்டாளத்தை எதிரிகள் பிடித்துக்கொண்டார்கள் என்று கடைத்தெருவில் பேசிக்கொண்டார்கள்.

தங்கைக்குப் பெயர் வைக்க முடியாது என்று அம்மா சொல்லிவிட்டாள். பாப்பா என்றே கூப்பிட்டோம். பக்கத்து வீட்டு அத்தை நல்ல மனசுக்காரி, ஆனால் பொறுமை கிடையாது.

"பம்பாய்னு வச்சிடேன். கப்பல் ஏறுன ஊருதானே?"

"அது ஏறுன ஊரு, அக்கா. இருக்கிற ஊரு வேணும்."

"இருந்தா."

அத்தை அப்படிச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அம்மா பாப்பாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். அன்றைக்குத்தான் எனக்கு விஷயம் உறைத்தது. வேறு ஏதாவது ஒரு பெயரை வைத்துவிட்டால், நைனா எந்த ஊரிலும் இல்லை என்று அம்மாவே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அதற்குப் பிறகு யாராவது பாப்பாவுக்குப் பெயர் கேட்டால் நானே சண்டைக்குப் போனேன். வாய் எனக்கு அப்போதே நீளம்.

பாப்பா நடந்தாள், பேசினாள், அல்சூர் ஏரிக்கு என் இடுப்பிலேயே வந்து கல் எறிந்தாள். பெயர் மட்டும் வரவில்லை.

யுத்தம் முடிந்து, ரேஷன் அரிசிக்கு நான் பையோடு கிளம்பிய ஒரு காலையில், வாசலில் ஒரு ஒல்லி மனிதர் வந்து நின்றார். யாரோ சாப்பாடு கேட்டு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். "செகந்திராபாத்து" என்று முழுசாகக் கூப்பிட்டார். என்னை அப்படி நிதானமாக, ஒரு எழுத்து விடாமல் கூப்பிடுகிறவர் உலகத்தில் ஒருத்தர்தான். பையைக் கீழே போட்டேன்.

அம்மா அழவில்லை. அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள், குடித்து முடிக்கும் வரை நின்றாள், பாப்பாவை முன்னால் நிறுத்தினாள்.

"இவ பொறந்தப்போ எந்த ஊருல இருந்தீங்க? சொல்லுங்க. பேரு வைக்கணும்."

நைனா பாப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். டம்ளரைக் கீழே வைத்தார்.

"அந்த ஊரு பேரு வாணாம்" என்றார்.

"இத்தினி வருஷம் அதுக்காகத்தானே காத்துக்கினு இருந்தேன்."

"தெரியும். ஆனா அந்தப் பேர இந்த வீட்டுல யாரும் சொல்லக் கூடாது. நம்ம கொயந்தைக்கு அது ஒட்டவே வாணாம்."

எனக்குக் கோபம் வந்தது. அம்மா காத்திருந்ததெல்லாம் என்ன ஆவது என்று கேட்டேவிட்டேன். நைனா என் மேல் கோபப்படவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"உடம்புதாம்மா அங்க இருந்தது. கண்ண மூடுனா நான் இருந்த ஊரு அல்சூரு. ஏரி, மார்க்கெட்டு, நீங்க. தெனம் இங்கதான் இருந்தேன். அதையே வை."

பக்கத்து ஊர்ப் பெயரைப் போய் யாராவது பிள்ளைக்கு வைப்பார்களா என்று அம்மா முணுமுணுத்தாள். ஆனால் மறுக்கவில்லை. நைனா பாப்பாவின் பக்கம் குனிந்து, மெதுவாக, "அல்சூரு" என்று கூப்பிட்டார்.

பாப்பா திரும்பி வாசலைப் பார்த்தாள். பிறகு ஏரி இருக்கும் பக்கமாகக் கையை நீட்டி, இந்தப் புது ஆளுக்கு வழி தெரியாது போல என்று நினைத்து, "அது அங்க இருக்குது. நான் கூட்டினு போறேன், வா" என்றாள்.

அதற்கப்புறம்தான் அம்மா அழுதாள்.