சந்தனப் பொட்டு வைத்த குமிழ்

உஸ்ஸ்ஸ்... சின்ன இடைவெளி. திரும்பவும், உஸ்ஸ்ஸ்.

குளிர் அறை வேலைக்காரனுக்குக் கண் பிறகு, காதுதான் முதல். மெசின் அறைக்குள் கால் வைத்து லைற்றைப் போட முதலே அந்தச் சத்தம் எனக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடும். இரவெல்லாம் வேலை செய்து, பகலில் பக்கத்து வீட்டு ரேடியோவோடு மல்லுக்கட்டிப் படுத்து, கனவிலும் மெசின் ஓடுகிறதா நிற்கிறதா என்று கேட்டுக்கொண்டிருக்கும் என் இனத்தவர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு விளங்காது.

திருகோணமலை மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஓர் ஐஸ் கொம்பனி. அங்கே நான் இரவு ஆள். இந்தத் தொழிலை எனக்கு யாரும் படிப்பித்ததில்லை. நித்திரை வராத ஆள் நான். வீட்டிலும் என்னைத் தேடுகிற சத்தம் ஒன்றும் இல்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்க ஏலாமல் பழைய பிரிட்ஜ்களைக் கழற்றிப் பூட்டத் தொடங்கினேன். அதுவே பிழைப்பாகிவிட்டது.

காய்ச்சல் பார்க்கும் சாமான்

குளிர் அறைச் சுவருக்கு வெளியே, மெசின் அறைப் பக்கம், கைப்பிடி அளவில் ஒரு பித்தளை வால்வு இருக்கிறது. அதிலிருந்து மயிர் போல ஒரு செப்புக் குழாய் புறப்பட்டு, விரல் அளவான ஒரு செப்புக் குமிழில் முடியும். குளிர் அறைக்குள் சுற்றிவிட்டுக் கொம்பிரசருக்குத் திரும்பிப் போகிற பெரிய குழாயோடு அந்தக் குமிழை இறுக்கிக் கட்டி, மேலே துணி சுற்றி வைத்திருப்போம். குழாய் சூடானால் குமிழுக்குள் இருக்கிற காஸ் ஊதிப் பெருத்து, வால்வைத் திறக்கும். குளிர்த் திரவம் கூடுதலாக உள்ளே போகும். குழாய் குளிர்ந்தால் காஸ் சுருங்கும், வால்வு மூடும். அந்தத் திறப்பும் மூடலும்தான் என்னுடைய உஸ்ஸ்ஸ். கரண்ட் இல்லை, சுவிட்ச் இல்லை! இது எனக்கு முதன்முதல் விளங்கிய இரவு, ஒருவரும் இல்லாத அறையில் நின்று நான் கைதட்டினேன். உண்மையாகத்தான்.

அந்தச் சந்தோசத்தை யாருக்காவது சொல்ல வேண்டுமே. ரஹீம் நானாவிடம் சொன்னேன். அவர் கிண்ணியாக்காரர், ஒரு மீன்பிடி போட்டுக்குச் சொந்தக்காரர். மீனை எங்கள் அறையில் ஏற்றிவிட்டு, கொழும்பு லொறி வரும்வரை என் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருப்பார். பிளேன் ரீயை ஊதி ஊதிக் குடித்தபடி முழுவதையும் கேட்டார். பிறகு சொன்னார்: "சூடு கண்டா வாயத் தொறக்கும், குளிர்ந்தா மூடிக்கும். தம்பி, என்ட பொண்டாட்டி என்னப் பத்திச் சொல்றதும் இதத்தானே!"

பேய்

வால்வின் அடியில் ஒரு திருகாணி உண்டு. எவ்வளவு திறக்க வேண்டும் என்பதை அதில் கொஞ்சம் கூட்டிக் குறைக்கலாம். கூட்டக் குறைக்கத் தெரியாதவர்களுக்கும் அதைக் கண்டால் கை துருதுருக்கும். எனக்கும் அப்படித்தான். ஒவ்வொரு இரவும் பக்குவமாகத் திருகி, சத்தம் அழகாக வந்ததும் விட்டுவிட்டுப் போவேன். அடுத்த நாள் வந்தால் அது பழைய இடத்தில் நிற்கும்!

பகல் ஆள் குணம் அண்ணை. அவரை நான் அதுவரை கண்டதே இல்லை. அவர் கதவுத் திறப்பைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டுக் குச்சவெளி பஸ்ஸுக்கு ஓடிவிடுவார். நான் வரும்போது கதிரையில் அவருடைய சூடு மட்டும் இருக்கும். ஒரு நாள் பஸ் ஓடவில்லை. நான் உள்ளே வர, நெற்றி நிறையத் திருநீற்றோடு ஒருவர் ஸ்பனருடன் வால்வுக்குக் கீழே குந்தியிருந்தார். என் கையிலும் ஸ்பனர். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அவர் எழும்பி நெஞ்சில் கை வைத்தார். "ஐயோ, நீர்தானோ! நான் பேய் எண்டு நினைச்செல்லோ வாசலில எலுமிச்சங்காய் வெட்டி வச்சனான்!"

பெருநாள் உடுப்பு

இனி ஒருவரும் வால்வில் கை வைப்பதில்லை என்று அன்றைக்கே சத்தியம் செய்துகொண்டோம். அதற்குப் பிறகு மெசின் தன் பாட்டுக்கு ஓடியது. நான் கொஞ்சம் நித்திரை கூடக் கொண்டேன்.

ரஹீம் நானாவுக்குத்தான் அந்த வருசம் சரியில்லை. எஞ்சின் பழுது, பிறகு காற்று, பிறகு வெறும் வலை. மாரிக்கடல் குழம்ப முன் ஒரேயொரு ஓட்டம் மிச்சம். "இந்த முறையும் ஒண்டும் படல்லண்டா போட்டை வித்துப்போட்டு, மூதூர்ல ஆர்டயாவது போட்ல கூலிக்குப் போறதுதான்," என்று சொல்லிவிட்டுப் போனவர், ஆயுத பூசையன்று பின்னேரம் திரும்பி வந்தார். போட் நீர்மட்டத்துக்குத் தாழ்ந்து வந்தது! சூரை, பாரை, ஆள் நீளத்துக்கு அறுக்குளா. பெட்டி பெட்டியாக அறைக்குள் ஏற்றினோம். என்னுடைய மீன் போல நான் துள்ளித் திரிந்தேன்.

மெசின் அறையில் சந்தன வாசம். குணம் அண்ணை பகல் முழுக்கக் கழுவித் துடைத்து, கொம்பிரசருக்குத் திருநீறு பூசி, வால்வுப் பக்கம் பெரிய பூமாலையும் போட்டுவிட்டுப் போயிருந்தார். ரஹீம் நானா வாசலில் நின்று மேலும் கீழும் பார்த்தார். "அட, மெசினுக்கும் பெருநாள் உடுப்பா? அப்ப என்ட மீன் இண்டைக்குக் கலியாண ஊட்டுக்குத்தான் வந்திரிக்கி!"

டொக்

அவர் சிரித்து முடிக்கவில்லை. எனக்கு ஏதோ இடறியது. உஸ்ஸ்ஸுக்கு நடுவில் இடைவெளியைக் காணவில்லை, ஒரே இரைச்சல். பிறகு, டொக். டொக்டொக்.

கொம்பிரசர் ஆவியை மட்டும் குடிக்கிற பிராணி. திரவத்தைக் குடித்தால் அதன் உள்ளுறுப்பெல்லாம் உடையும். ரோச் லைற்றை அடித்துப் பார்த்தேன். திரும்பி வருகிற குழாய் முழுக்க வெண்பனி; பனி இறங்கி மெசினின் வயிறுவரை வந்திருந்தது. வால்வு வாயை மூடாமல் ஊற்றுகிறது! மெசினை நிற்பாட்டினேன். அந்த அமைதியைப் போலப் பயங்கரமான ஒன்றை நான் கேட்டதில்லை.

"ஏன் நிப்பாட்டினீங்க?" என்றார் ரஹீம் நானா, மெதுவாக. ஏற்றின மீன் இன்னும் இறுகவில்லை. மெசினை ஓட்டினால் மெசின் போகும், நிற்பாட்டினால் மீன் போகும். இரண்டில் எது போனாலும் அவருடைய போட்டும் போகும். ஸ்பனரை எடுத்தேன். சத்தியம் நினைவுக்கு வந்தது. அதை வைத்துவிட்டுக் குணம் அண்ணைக்கு ஃபோன் எடுத்து, "அண்ணை, வால்வில கை வச்சனீங்களோ?" என்றேன்.

"கோணேசர் மேல ஆணை, வால்வில கை வைக்கேல்லைத் தம்பி! குமிழை மட்டும் கழட்டி, பழப்புளி போட்டு மினுக்கி, பொட்டு வச்சுக் கொழுவி விட்டனான்."

தங்கூசி

பூமாலையை விலக்கினேன். ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது குமிழ், கோயில் விளக்குப் போலப் பளபளவென்று, நெற்றியில் சந்தனப் பொட்டோடு. குழாயைத் தொடாமல் மெசின் அறை வெக்கையில் தொங்கினால் அது என்ன செய்யும்? ஊருக்கே காய்ச்சல் என்று நினைத்து வால்வை முழுக்கத் திறந்துவிட்டது! எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

கட்டுகிற செப்புப் பட்டியைக் காணவில்லை. கம்பியால் கட்டிப் பார்த்தேன். பனிக் குழாயில் வழுக்கியது. "தள்ளுங்க," என்றார் ரஹீம் நானா. கத்தியால் பனியைச் சுரண்டி, சாரத் தலைப்பால் துடைத்து, மடியிலிருந்து தங்கூசியை எடுத்தார். வலை கட்டுகிற அதே நைலோன் நூல். சுற்றிச் சுற்றி, பல்லால் இழுத்து இறுக்கி, கடலில் போடுகிற முடிச்சொன்று போட்டார். மேலே தன் தோள் துவாயைச் சுற்றிக் கட்டினார்.

பிறகு காத்திருப்பு. மெசினின் வயிற்றில் இருக்கிற திரவம் ஆவியாகும்வரை ஓட்ட ஏலாது. நான் அதன் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். அவர் குளிர் அறைக் கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றார். இரண்டு முறை கைப்பிடியில் கை வைத்தார். "திறந்தா இருக்கிற குளிரும் போயிடும் நானா," என்றேன். கையை எடுத்தார். வெண்பனி கரைந்து சொட்டியது. சொட்டு நின்றது. சுவிட்சைப் போட்டேன்.

டொக்.

ஒன்று. ஒன்றே ஒன்று. இரைச்சல் தணிந்து தணிந்து, பனி குழாய் வழியே பின்வாங்கி, கடைசியில்... உஸ்ஸ்ஸ். இடைவெளி. உஸ்ஸ்ஸ்! நான் அவரைக் கட்டிப் பிடித்துத் தூக்கிவிட்டேன். நல்ல பாரமான மனுசன். விடிய லொறி வந்தது. லொறிக்காரர் மீனின் செவிளைத் தூக்கிப் பார்த்து, விரலால் அமத்திப் பார்த்து, தலையாட்டினார். எல்லாம் ஏறிய பிறகு ரஹீம் நானா துவாய் இல்லாத தோளோடு வந்து சொன்னார்: "தங்கூசி என்ட. பொட்டு அவர்ட. உஸ் மட்டும் ஒங்கட. போட் இனி எங்கயும் போகாது."

பட்டி

குணம் அண்ணை முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார். ஒரு கையில் பூசை அவல், மற்றக் கையில் செப்புப் பட்டி. அதையும் மினுக்கவென்று சேட் பொக்கற்றில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறார். முகத்தைப் பார்க்க எனக்குக் கோபம் வரவில்லை. தங்கூசிக்குப் பக்கத்தில் பட்டியைப் பூட்டினோம். துவாயைத் திரும்பச் சுற்றும்போது அவர் என் கையைப் பிடித்தார். "எல்லாம் சரி தம்பி... பொட்டை மட்டும் அழிச்சுப் போடாதேயும்."

மெசினைப் பழுதிலிருந்து காப்பாற்றுவது இந்தத் தொழிலில் பாதி வேலைதான், அதன்மேல் பாசம் வைத்தவர்களிடமிருந்து காப்பாற்றுவது மிச்சப் பாதி என்று எண்ணிக்கொண்டு, அவலை வாயில் போட்டபடி, தும்புத்தடியை எடுத்து வாசலில் தேங்கி நின்ற ஐஸ் தண்ணீரைத் தள்ளத் தொடங்கினேன்.