பணம் தரும் மெஷினும் நாலாம் நம்பர் கவுண்டரும்

பேங்க் கவுண்டரில் உட்கார்ந்து முதுகு ஒடிந்தவர்களே, உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை: நாள் முழுக்க ஆயிரம் ஆயிரமாக ஊரார் காசை எண்ணிவிட்டு, சாயங்காலம் பாசாரில் மீன்காரனிடம் இருபது காசுக்கு மல்லுக்கு நிற்கிற தொழில் நம்முடையது.

எண்பதுகளில் பினாங்கு டவுனில் ஒரு பேங்கில் நாலாம் நம்பர் கவுண்டர் என்னுடையது. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும், வாயும் கொஞ்சம் நீளம். அதனால்தானோ என்னவோ, அந்த வேலை என் தலையில் விழுந்தது.

லிம் சொன்ன ஆறுதல்

ஒருநாள் காலையில் லாரியில் ஒரு மெஷின் வந்து இறங்கியது. கார்டைச் செருகி, நாலு நம்பரை அமுக்கினால் பணம் தருமாம். எங்கள் மேனேஜர் மிஸ்டர் லிம் என்னைக் கூப்பிட்டார். அவருக்குத் தமிழ் வராது, மலாயில்தான் பேசுவார். தமிழாக்கம் என்னுடையது. "பத்மா, நீ நல்லா பேசுவ. மூணு மாசத்துக்குக் காலையில ரெண்டு மணி நேரம் மெஷின் பக்கத்துல நின்னு ஜனங்களுக்குச் சொல்லிக் குடு. அப்புறம் கவுண்டருக்குப் போ" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பெரிய டீச்சர் ஆகிவிட்ட நினைப்பு.

அடுத்த விஷயத்தை அவர் மெதுவாகச் சொன்னார். மூன்று மாதத்தில் பாதி வாடிக்கையாளர்கள் மெஷினுக்கு மாறிவிட்டால், நாலு கவுண்டர் மூன்றாகுமாம். கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவர் கடலுக்கு அந்தப் பக்கம் புக்கிட் தெங்கா கிளைக்குப் போக வேண்டுமாம். கடைசியாகச் சேர்ந்தது யார்? நான்தான்! என் நாற்காலியை நானே இழுத்துவிட வேண்டும், அதற்கு மாதச் சம்பளம் வேறு.

டத்தோ கிராமாட்டில் என் வீடு. மதியம் சைக்கிளை மிதித்துப் போய், ரெண்டு வயது மகளுக்குச் சோறு ஊட்டிவிட்டு வருவேன். பக்கத்து வீட்டு அக்காதான் பார்த்துக்கொள்வாள், ஆனால் அவள் ஊட்டினால் குட்டி வாயை இறுக்கிக்கொள்வாள். என் கையால் ஊட்டினால்தான் திறப்பாள். பெர்ரிக் கப்பல் ஏறிப் புக்கிட் தெங்கா போய்விட்டால் மதியம் எங்கே வருவது? அதை அவரிடமே கேட்டேன். லிம் எனக்கு ஆறுதல் சொன்னார்: "கவலைப்படாத லா பத்மா, பெர்ரி காத்து உடம்புக்கு நல்லது!"

மெஷினுக்கு லீவு

எங்கள் வாசல் காவலர் முனியாண்டி அண்ணன். பக்திமான். ஆயுத பூசை அன்று அவருடைய தடி, சைக்கிள், வாசல் கதவு எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பார். அந்த வருடம் புதிதாக வந்தவரை மட்டும் விட்டுவிட மனசு வருமா? மெஷினுக்கு நெற்றி எது, வாய் எது என்று அவருக்கு யார் சொன்னார்கள்? கார்டு நுழைகிற வாய்க்குமேல் மூன்று விரலால் சந்தனத்தைத் தாராளமாக இழுத்துவிட்டு, கீழே ஓர் எலுமிச்சம்பழத்தையும் வைத்துவிட்டார்.

காலையில் முதலில் வந்தவரின் கார்டு சந்தனத்தோடு உள்ளே போனது. போனதுதான், திரும்பவில்லை. மெஷின் ஒரு முனகு முனகி நின்றுவிட்டது. ரிப்பேர்காரர் மறுநாள்தான் வருவாராம். லிம்மின் முகம் அந்தக் குங்குமத்தைவிடச் சிவந்தது. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். மெஷின் படுத்த ஒவ்வொரு நாளும் என் கவுண்டருக்கு ஆயுசு கூடுகிறதே!

"ஏண்ணே இப்படிப் பண்ணீங்க?" என்று லிம்முக்குக் கேட்கிற மாதிரி அதட்டினேன். முனியாண்டி அண்ணன் அசரவே இல்லை. "வாயில பூசுனது தப்புதான் தங்கச்சி. ஆனா ஆயுத பூசை அன்னிக்கு எந்த ஆயுதமும் வேலை செய்யக்கூடாதுல்ல? அதான் சாமியே அதுக்கு லீவு குடுத்திருச்சு."

நாலு நம்பர்

சரோஜா கடல் தாண்டி மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்பவள். அதுவரை சம்பளம் கவரில் வரும். கவரைப் பிரிக்காமல் புருஷனிடம் கொடுப்பாள், அவர் பஸ் காசு மட்டும் எண்ணித் தருவார். இப்போது கம்பெனி சம்பளத்தைப் பேங்கிலேயே போட ஆரம்பித்துவிட்டது. கார்டோடு வந்து நின்றாள். "இந்த நாலு நம்பரை யாருக்கும் சொல்லக்கூடாது" என்றேன். "வீட்டுக்காரருக்குமாக்கா?" என்றாள். "அவருக்குத்தான் முதல்ல சொல்லக்கூடாது" என்று சொல்லிவிட்டேன். என் வாய்தான் உங்களுக்குத் தெரியுமே.

அடுத்த மாதம் அவள் புருஷன் என்மேல் பாய்ந்தார். "என்னம்மா இது, என் பொண்டாட்டி எனக்கே நம்பர் சொல்ல மாட்டேங்குறா?" நான் எழுந்து நின்று, "சொன்னா பேங்க் கார்டைப் பிடுங்கிரும். ரூல்ஸ்ணே, ரூல்ஸ்!" என்றேன். அவர் மெஷினை முறைத்தார், என்னை முறைத்தார், போய்விட்டார். மறுவாரம் சரோஜா தன் தொழிற்சாலை பஸ்ஸில் வருகிற இருபது பெண்களையும் கூட்டிக்கொண்டு வந்தாள். ஒரே காலையில் இருபது பேர் மெஷின் கணக்கில் ஏறினார்கள். எனக்குப் பெருமையில் நெஞ்சு நிறைந்தது, புக்கிட் தெங்காவும் இருபது அடி கிட்ட வந்தது, ரெண்டும் ஒரே நேரத்தில். சரோஜா என் காதோடு சொன்னாள்: "பதினஞ்சு வருஷம் கும்பிட்ட சாமி குடுக்காத தைரியத்த, உங்க நாலு நம்பர் குடுத்திருச்சுக்கா!"

நூற்றியொன்று

கந்தையா ஐயா ஓய்வுபெற்ற அரசாங்கக் கிளார்க். யாழ்ப்பாணத்துப் பேச்சு, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. பென்ஷன் எடுக்க என் கவுண்டருக்குத்தான் வருவார். மெஷின் பக்கம் திரும்பவே மாட்டார். கெஞ்சிக் கூத்தாடி ஒருநாள் அவரை மெஷின்முன் நிறுத்தினேன். மருமகள் முறைப் பெண்ணுக்குக் கல்யாணம், மொய் எழுத வேண்டும். நூற்றியொன்று என்று அமுக்கினார். மெஷின் மாட்டேன் என்றது. மறுபடி அமுக்கினார். மறுபடியும் மாட்டேன் என்றது.

"ஐயா, இது பத்துப் பத்தாத்தான் தரும். நூறுன்னு அமுக்குங்க" என்றேன். "மொய்க்கு நூறாய்க் கொடுக்கலாமோ பிள்ளை? அந்த ஒண்டு வேணும்" என்று பிடிவாதமாக நின்றார். பின்னால் வரிசை முணுமுணுத்தது. எனக்குப் பொறுமை போய்விட்டது. என் பர்ஸைத் திறந்து ஒரு வெள்ளி, அதாவது ஒரு ரிங்கிட் நோட்டை எடுத்து அவர் கையில் வைத்தேன். "இந்தாங்க, ஒண்ணு. நூறை மெஷின் தரும்." வாங்கிக்கொண்டு மெஷினை மேலும் கீழும் பார்த்தார். "நீ குடுக்கிறாய் பிள்ளை. ஆனா இந்த மெசினுக்குக் கலியாண வீட்டு மரியாதை ஒண்டும் தெரியேல்லை."

என் கைக்கு வந்த யோகம்

அந்தக் கல்யாணம் முடிந்த பத்தாம் நாள் மாப்பிள்ளைக்கு அரசாங்க வேலை உத்தரவு வந்துவிட்டது. அவர் பரீட்சை எழுதினார், நேர்முகத்துக்குப் போனார், அதெல்லாம் யாருக்கு வேண்டும்? "பத்மா பிள்ளையின்ரை கையாலை வந்த ஒரு வெள்ளி" என்று கந்தையா ஐயா கோயிலில், காப்பிக் கடையில், பஸ்ஸில், எல்லா இடத்திலும் சொல்லிவிட்டார். எனக்குக் கைராசியாம்!

அதற்குப் பிறகு நடந்ததை என்னவென்று சொல்ல? சரோஜா மெஷினில் ஐம்பது வெள்ளி எடுத்தாள். நேராக என் கவுண்டருக்கு வந்து அதை என்னிடம் நீட்டினாள். "தையல் மெஷினுக்கு முதல் தவணை கட்டப் போறேன்க்கா. இத உங்க கையால குடுங்க." "உன் கையிலதானே இருக்கு?" "நீங்க வாங்கிக் குடுங்கக்கா." வாங்கினேன், கொடுத்தேன். கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள். மறுநாள் ஐந்து பேர். அடுத்த வாரம் வரிசை வாசல்வரை போனது. மெஷினில் எடுப்பது, என்னிடம் கொடுப்பது, திரும்ப வாங்குவது. ஒருநாள் பொறுக்க முடியாமல் கத்திவிட்டேன்: "என் கையாலதான் வேணும்னா நேரா இங்க வர வேண்டியதுதானே, எதுக்கு முதல்ல மெஷின்கிட்ட போறீங்க?" சரோஜா கண்ணை அகல விரித்தாள். "நீங்கதானக்கா மெஷின்ல எடுக்கச் சொல்லிக் குடுத்தீங்க? உங்க பேச்ச மீறலாமா?"

டை கட்டிய தம்பி

மூன்று மாதம் முடிந்தது. மெஷின் கணக்கு பாதியைத் தாண்டி எங்கேயோ போய்விட்டது. லிம் முகத்தில் தீபாவளி, எனக்குச் சோறு இறங்கவில்லை. கோலாலம்பூர் தலைமை அலுவலகத்திலிருந்து அதிகாரி வந்தார். தமிழ்ப் பிள்ளைதான், முப்பது வயதுகூட இருக்காது, கழுத்தில் டை. வந்ததும் வராததுமாக, "இன்னும் கொஞ்ச வருஷத்துல நோட்டே இருக்காது. காசெல்லாம் வெறும் நம்பரா வயர்ல ஓடும். யாரும் யார் கையிலயும் குடுக்க வேண்டாம்" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். வரிசையில் நின்ற கந்தையா ஐயா விடவில்லை. "வயருக்குள்ளை ஓடுற காசை வெத்திலைத் தட்டிலை எப்பிடித் தம்பி வைக்கிறது?"

அந்தத் தம்பி திரும்பி என் கவுண்டரைக் கவனித்தார். கணக்கெடுக்கும் படிவத்தை எடுத்துக்கொண்டு வந்தார். "மேடம், இது டெபாசிட்டா?" "இல்லை." "பணம் எடுக்குறதா?" "அது மெஷின்ல முடிஞ்சிருச்சு." "அப்ப நீங்க என்ன செய்யிறீங்க?" "வாங்கிக் குடுக்கிறேன்." படிவத்தில் அதற்குக் கட்டமே இல்லை. பேனாவை மூடினார். "இந்தக் கவுண்டரை மூடிட்டா?" என்று வரிசையைப் பார்த்துக் கேட்டார். சரோஜா, "அக்காவை எங்க அனுப்புறீங்களோ, எங்க கணக்கும் அங்க வந்துரும். எங்களுக்குப் பெர்ரி ஏறத் தெரியாதா?" என்றாள். பின்னால் இருபது பேர் தலையாட்டினார்கள். அவர் பேனாவைத் திறந்து, 'மெஷின் பழக்கத்துக்கு நாலாம் கவுண்டர் அவசியம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மறைக்கவும் இல்லை.

மதியம் சைக்கிளை எடுக்கிற அவசரத்தில் கவுண்டரைச் சாத்தப் போனேன். அந்தத் தம்பி மட்டும் திரும்பி வந்தார். லிம் பார்க்கிறாரா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு, பத்து வெள்ளி நோட்டு ஒன்றைக் கம்பி வழியாக மெதுவாக நீட்டினார். 'மேடம்' எல்லாம் போயே போச்சு. "அக்கா, நாளைக்குப் பொண்ணு பார்க்கப் போறேன். ஒரே ஒரு தடவை உங்க கையால குடுங்கக்கா!"

காசு இனி வயரில் ஓடட்டும், காற்றில்கூடப் பறக்கட்டும், அன்று மதியம் மகளுக்கு நேரத்தோடு சோறு ஊட்டிய இந்தக் கைக்கு எப்படியும் ஒரு வேலை வைக்காமல் விட மாட்டார்கள் எங்கள் ஜனங்கள்.