லாரிக்குத்தான் தார்ப்பாய்

அலுவலகம் கிளம்ப ஸ்கூட்டியை வெளியே எடுத்துக்கொண்டிருந்தபோது அண்ணாச்சி அழைத்தார். எங்கள் கிளியரிங் ஏஜென்சியின் முதலாளி அவர். ஊழியர்களுக்கும் லாரிக்காரர்களுக்கும் எல்லாருக்கும் அண்ணாச்சிதான். "எப்சிம்மா போயிட்டா பிள்ள. விடியக்கால, ஆஸ்பத்திரியில வச்சே." நான் வாய் திறப்பதற்குள் அடுத்ததும் வந்துவிட்டது. "வருசக்கணக்கா அம்புட்டு மாஸ்க்கு போட்டாளே, என்ன பிரயோசனம் சொல்லு."

சாவுச் செய்திக்கும் அந்தத் தீர்ப்புக்கும் நடுவில் அவர் மூச்சுகூட விடவில்லை.

மில்லர்புரத்தில் எப்சிபா அக்காவின் வீட்டு வாசலில் போட்டிருந்த பந்தலுக்குக் கீழேயும் அதையே கேட்டேன். காபி டம்ளரோடு நின்றவர்கள், நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர்கள், வண்டியை நிறுத்திவிட்டு அப்போதுதான் வந்தவர்கள் என ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். மூடி மூடி வச்சும் போயிட்டாளே. மாஸ்க்குல ஒண்ணுமே இல்லன்னு அப்பவே சொன்னோமே. அடக்கத்துக்காக உடலைச் சொந்த ஊரான நாசரேத்துக்குக் கொண்டுபோகும் நேரத்தில் அது எல்லாரும் ஒத்துக்கொண்ட உண்மையாகவே ஆகிவிட்டிருந்தது. எப்சிபா அக்காவின் வாழ்க்கையிலிருந்து இந்த ஊர் எடுத்துக்கொண்ட பாடம் அது ஒன்றுதான் என்றால், அதை அப்படியே விட எனக்கு மனமில்லை. அவரோடு எங்கள் அலுவலக மாடி அறையில் வேலை பார்த்தவர்களுக்கும், அவரோடு பாடிய தேவாலயப் பாடகர் குழுவினருக்கும் இதை எழுதுகிறேன். "என்ன பிரயோசனம்" என்ற கேள்விக்கு அக்கா உயிரோடு இருந்தபோதே பதில் சொல்லியிருக்கிறார். உங்கள் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறார்.

துறைமுகத்துக்கு வரும் இறக்குமதிச் சரக்குகளுக்குச் சுங்க ஆவணங்கள் தயாரிப்பதுதான் எங்கள் வேலை. அந்தப் பிரிவுக்குப் பொறுப்பு எப்சிபா அக்கா. சிறுநீரகம் பழுதாகி, கணவர் ஞானராஜ் அண்ணன் தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்து, மாற்று அறுவைச் சிகிச்சை முடிந்து அவர் வேலைக்குத் திரும்பிய பிறகுதான் நான் சேர்ந்தேன். பொருத்திய சிறுநீரகத்தை உடல் தள்ளிவிடாமல் இருக்க அவர் தினமும் மாத்திரை சாப்பிட வேண்டும். அந்த மாத்திரை உடலின் எதிர்ப்புச் சக்தியையே தணித்து வைக்கிறது. நமக்கு ஒரு வாரம் மூக்கு ஒழுகிப் போகிற சளி அவருக்கு நுரையீரல்வரை இறங்கிவிடக் கூடும். இதை அவர் ஒளித்துவைத்ததில்லை. தன் மேசை ஓரத்தில் ஒரு மாஸ்க் பெட்டியை வைத்துக்கொண்டு, இருமல் சளியோடு வருகிறவர்களிடம் ஒன்றை எடுத்து நீட்டுவார். அவ்வளவுதான் அவர் கேட்டது.

அதற்கு அவர் கேட்டுக்கொண்ட கேலி கொஞ்சமில்லை. லாரிகளை ஏற்பாடு செய்யும் சுடலை அண்ணன், "எக்கா, இந்தக் கோலத்துல பேங்க்குப் பக்கம் போயிராதிய, சைரன அமுத்திருவான்" என்பார். "போனா உன்னையும் கூட்டிட்டுத்தாம்ல போவேன், வெளிய லாரியோட நிக்க ஆளு வேணும்லா" என்பார் அக்கா. அவருக்குக் கேலி பிடிக்கும். அவரைக் கோபப்படுத்தியது கேலி இல்லை.

ஒருநாள் அண்ணாச்சி தும்மிக்கொண்டே வந்து உட்கார்ந்தார். அக்கா பெட்டியை நகர்த்தி வைத்தார். "உடம்பு முடியாதது உனக்குத்தான எப்சிம்மா, நீ போட்டிருக்கேல்லா? பொறவு எங்கள எதுக்குப் போடச் சொல்லுத?" என்றார் அண்ணாச்சி.

"நம்ம கரி லாரி துறைமுக கேட்டத் தாண்டும்போது தார்ப்பாய் கட்டச் சொல்லுதான்லா அண்ணாச்சி, எதுக்கு?"

"கரித்தூசி பறக்கக் கூடாதுன்னுதான்."

"அத லாரிக்கு ஏன் கட்டணும்? லாரி தொறந்தபடி போகட்டும். ரோட்டுல போற சனங்களுக்கு ஆளுக்கொரு தார்ப்பாயக் குடுத்து மூடிக்கிடச் சொல்லலாம்லா?"

சுடலை அண்ணன் சிரித்துவிட்டார். "அம்புட்டுத் தார்ப்பாய்க்கு எங்கக்கா போவ?"

"அதத்தாம்ல அண்ணாச்சி சொல்லுதாக. லாரி தொறந்தே போகுமாம். எப்சிம்மா மட்டும் மூடிக்கிடணுமாம்."

முகக்கவசத்தைப் பற்றி நான் எவ்வளவோ வாசித்திருக்கிறேன். இதைவிடத் தெளிவான விளக்கம் ஒன்று கண்ணில் படவில்லை. இருமுகிறவர் வாயிலேயே கவசம் இருந்தால் வெளிவரும் துளிகளில் பெரும்பகுதி அந்தத் துணியிலேயே தங்கிவிடும். தப்பி வெளியே வந்துவிட்டால் அவற்றில் நுண்ணியவை மூடிய அறைக்குள் வெகுநேரம் மிதந்துகொண்டிருக்கும். அதற்குப் பிறகு எதிரே இருப்பவர் எவ்வளவு இறுக்கமான கவசம் போட்டிருந்தாலும், கன்னத்தோரம் கிடைக்கும் சிறு இடைவெளி போதும். அக்கா அணிந்தது என்-95 வகை. மாலையில் கழற்றும்போது மூக்குத்தண்டில் சிவந்த தடம் இருக்கும். அதுவும் முழுக் காப்பு இல்லை என்பது அவருக்குத் தெரியும். "முழுசாக் காப்பாத்தும்னு எவஞ்சொன்னாலும் நம்பாத ஏளா. முழுசு இல்லங்கதுக்காக ஒண்ணுமே இல்லன்னு சொல்லுதவனையும் நம்பாத" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்.

இந்த ஊருக்கு மூடிக்கொள்ளத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. கரி லாரிக்குப் பின்னால் போனால் துப்பட்டாவைச் சுற்றிக்கொள்கிறோம். உப்பளக் காற்று எதிரே அடித்தால் துண்டை மூக்குக்கு ஏற்றுகிறோம். நம்மை நோக்கி வருவதற்கு எதிராக மூடிக்கொள்ள யாருக்கும் கூச்சமில்லை. நம்மிடமிருந்து அடுத்தவருக்குப் போவதை மூடு என்றால்தான் அவமானமாகிவிடுகிறது.

அதோடு இன்னொரு வழக்கமும் சேர்ந்துகொண்டது. எங்கள் அலுவலகத்துக்கு வரும் லாரிக்காரர்கள் படியேறும்வரை மாஸ்க்கை ஒழுங்காகத்தான் போட்டிருப்பார்கள், தூசிக்காகப் போட்டது. உள்ளே வந்து மேசைக்கு முன்னால் நின்றதும் அதைத் தாடைக்கு இறக்கிவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பார்கள். பெரியவர்களைக் கண்டால் தோள் துண்டை எடுத்துக் கையில் பிடிப்பதுபோல, அது மரியாதை. முகத்தை மூடிக்கொண்டு பேசுவது அவர்களுக்குத் திமிராகத் தோன்றியது. அண்ணாச்சியும் இறக்குவார், முதலாளி முகத்தை மூடிக்கொண்டு உத்தரவு போட்டால் யார் மதிப்பார்கள் என்ற நினைப்பு அவருக்கு. ஆக, தெருவில் யாருமில்லாத இடத்தில் கவசம் மூக்கின்மேல் இருக்கும். அறைக்குள் ஒரு மனிதருக்கு எதிரே நின்று வாய் திறக்கும் சரியான நேரத்தில் கீழே இறங்கிவிடும். போட்டும் போடாத இந்தப் பழக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் மாஸ்க் உதவாது என்று முடிவுக்கு வந்தோம்.

அக்கா அவர்களைக் கடிந்துகொண்டதில்லை. "மரியாதைய மூக்குக்கு மேலயே வச்சிருங்க அண்ணே" என்பார். அவர்கள் வெட்கத்தோடு ஏற்றுவார்கள், வாய்வரைக்கும். அக்கா காகிதத்திலிருந்து தலையை எடுக்காமல் அடுத்த சொல்லைச் சொல்வார்: "மூக்கும்."

நாளெல்லாம் எங்கள் தளத்தில் ஒலித்த சொல் அது. அந்த "மூக்கும்" என்பதை வைத்து சுடலை அண்ணன் அவருக்கு ஒரு பட்டப்பெயரே சூட்டியிருந்தார். அதை இங்கே எழுதினால் அக்கா சிரிப்பார்; ஆலயத்தார் முகம் சுளிப்பார்கள். விட்டுவிடுகிறேன்.

ஆலயத்தார் என்றதும் பாடகர் குழு நினைவுக்கு வருகிறது. சிகிச்சைக்கு முன்னால் அக்கா அதில் ஆல்ட்டோ என்னும் தாழ்ந்த பெண் குரல். வாய் விட்டுப் பாடும்போது பேசுவதைவிட அதிகமாகவே துளிகள் வெளிவரும் என்பதால், தொண்டை கட்டியவர்கள் மட்டும் அன்றைக்கு மாஸ்க்கோடு பாடவோ, விலகி நிற்கவோ முடியுமா என்று சிகிச்சை முடிந்து திரும்பியபோது குழுவில் கேட்டிருக்கிறார். "கர்த்தரத் துதிக்கதுக்கு வாயக் கட்டச் சொல்லுதியளா" என்று ஒருவர் கேட்டாராம். அதற்குப் பிறகு அவர் குழுவோடு நின்றதில்லை. கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு ஒருமுறை என்னை அழைத்துப் போனார். பக்கக் கதவை ஒட்டிய கடைசி இருக்கையில், காற்று வரும் இடத்தில் உட்கார்ந்தோம். முன்னால் குழு பாடியது. அக்கா கவசத்துக்குள்ளேயே ஆல்ட்டோவைப் பாடிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த எனக்கு மட்டும் கேட்டது. இத்தனை ஆண்டுகள் அவர் தனக்கு மட்டும் பாடிக்கொண்டார். அவர் வெளியேறியதற்கு நோய் காரணமில்லை. ஒரு சிறிய சிரமத்தை மற்றவர்கள் ஏற்க மறுத்ததுதான் காரணம்.

மதியம் சாப்பிடக் கவசத்தைக் கழற்ற வேண்டும் என்பதால் மாடி வராந்தாவில் தனியாக உட்காருவார். நானும் என் டப்பாவை எடுத்துக்கொண்டு வராந்தாவின் மறுமுனையில் உட்காருவேன். துறைமுகத்தின் கிரேன்கள் அங்கிருந்து தெரியும். அவர் முழு முகத்தையும் நான் பார்த்தது அந்த நேரங்களில்தான். வாசிக்கும் புத்தகத்தைப் பற்றிக் கேட்பார்; முடிவைச் சொல்லக் கூடாது என்பார்; சொல்லாவிட்டால் கோபப்படுவார்.

கடைசியாக அவர் வேலைக்கு வந்த வாரத்தில் அலுவலகத்தில் பாதிப்பேர் இருமிக்கொண்டிருந்தோம். தொற்றுப் பரிசோதனையில் எனக்கு ஒன்றுமில்லை என்றாலும் தொண்டை கரகரத்ததால் நான் கவசத்தோடுதான் இருந்தேன். அண்ணாச்சிக்குக் காய்ச்சல். கப்பல் கரையணைந்துவிட்டது, ஆவணம் முடியவில்லை என்று அக்காவுக்கு எதிரே வந்து உட்கார்ந்து விவரங்களைச் சொல்ல ஆரம்பித்தார். அக்கா நீட்டிய மாஸ்க்கை வாங்கிப் போட்டார். பிறகு பேசுவதற்காக இறக்கினார்.

"அண்ணாச்சி, மூக்கும்."

"மூடிக்கிட்டுச் சொன்னா ஒண்ணும் வெளங்காது எப்சிம்மா. சும்மா சளிதான், ஒன்ன ஒண்ணும் முழுங்கிராது."

அக்கா எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தார். ஏசி ஓடுகிறது, கரித்தூசி பைல்களில் படியும் என்று யாரோ மூடச் சொன்னார்கள். மூடினார்கள். அக்கா நாற்காலியைச் சுவரோரம் வரை நகர்த்திக்கொண்டு, இரு கையாலும் தன் கவசத்தின் ஓரங்களை அழுத்திப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். ஆவணத்தைப் பிழையில்லாமல் முடித்துக் கொடுத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு வரவில்லை. காய்ச்சல் என்றார்கள், நிமோனியா என்றார்கள், பிறகு அந்த அழைப்பு.

யாரிடமிருந்து அவருக்குத் தொற்றியது என்று எனக்குத் தெரியாது. பேருந்தில் வந்திருக்கலாம், கடையில் வந்திருக்கலாம். அண்ணாச்சி மாஸ்க்கை இறக்காமல் இருந்திருந்தால் அக்கா இன்று இருப்பார் என்று என்னால் சொல்ல முடியாது, சொல்லவும் மாட்டேன். ஆனால் அந்த அறை எனக்குத் தெரியும். மூடிய ஜன்னல்களும் இருமுகிற வாய்களும் இருந்த அறையில், இருமாத ஒருவர் மட்டும் இரு கையாலும் தன் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதைச் செய்துவிட்டு, மாஸ்க்கால் என்ன பிரயோசனம் என்று அவர் சவத்துக்குப் பக்கத்தில் நின்று கேட்கிறோம். லாரிகளைத் திறந்தே ஓட்டிவிட்டு, மூடிக்கொண்டு நடந்தவள்மீது கரி படிந்ததே என்று தார்ப்பாயைக் குறை சொல்கிறோம்.

பந்தலில் அந்தப் பேச்சு காதில் விழும் தூரத்தில்தான் ஞானராஜ் அண்ணன் உட்கார்ந்திருந்தார். தன் உடலின் ஒரு பகுதியும் அந்தச் சவப்பெட்டியோடு போகிறது என்பதை அங்கே யாரும் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. யாரோ அவரிடமே வந்து, "அம்புட்டுக் கவனமா இருந்தும் பாத்தியளா" என்று கையைப் பிடித்தார்கள். அவர் கையை விடுவித்துக்கொள்ளவில்லை.

"அவ பாதியத்தான் அவ போட்டா," என்றார். "மிச்சப் பாதிய யாரு போட்டா?"

வண்டி வந்துவிட்டது என்று கிளம்பினார்கள்.

அலுவலகத்தில் இப்போது அக்காவின் படம் மாலையோடு தொங்குகிறது. மாஸ்க் இல்லாத படம்தான் வேண்டும் என்று தேடி, கல்யாணத்துக்குக் கொஞ்சம் பிந்தைய ஒன்றைக் கண்டுபிடித்துப் பெரிதாக்கினார்கள். மேசைமுன் நின்று பலமுறை பேசியிருந்த லாரிக்காரர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "இவிய யாரு?" என்று கேட்டார். சுடலை அண்ணன் சட்டென்று திரும்பி வெளியே போய்விட்டார்.

நேற்று அண்ணாச்சிக்கு மறுபடியும் இருமல். அக்காவின் வேலை இப்போது என்னிடம் வந்திருக்கிறது; அவருடைய மாஸ்க் பெட்டியும் என் மேசை ஓரத்தில்தான் இருக்கிறது. புதிதாக வந்த சரக்கின் விவரங்களோடு அண்ணாச்சி என் எதிரே உட்கார்ந்தார். நான் ஒரு மாஸ்க்கை எடுத்து நீட்டினேன். படத்தை ஒருமுறை பார்த்தார்.

"ஒனக்குத்தான் ஒண்ணும் இல்லியே பிள்ள," என்றார்.

எனக்கு ஒன்றுமில்லைதான். ஆனால் படியேறி வருகிறவர்களில் யார் என்ன மாத்திரை சாப்பிடுகிறார், யார் வீட்டில் யார் படுத்திருக்கிறார் என்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. பொதுவாக நான் யாரிடமும் அதிகம் பேசுகிறவள் இல்லை. கையை மடக்காமல் நீட்டியபடியே இருந்தேன். கணினியில் பாதி நிரம்பிய ஆவணம் அவர் சொல்லப் போவதற்காகக் காத்திருந்தது. கடைசியில் வாங்கி மாட்டிக்கொண்டார்; தாடையிலிருந்து வாய்வரைக்கும் ஏற்றினார்.

எப்சிபா அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு சொல். திரையிலிருந்து தலையை எடுக்காமல் அதைச் சொன்னேன்.

"மூக்கும்."