நின்றுகொண்டே சாப்பிடுகிறவர்

பிரிட்ஜ்காரர் சமையலறைக்குள் நுழைந்ததும் முதலில் மனிதர்களைப் பார்ப்பதில்லை. "வாங்கண்ணே" என்று யாராவது சொன்னால் பதிலுக்குத் தலையைக்கூட ஆட்டாமல், நேராகப் போய்க் குளிர்ப்பெட்டியின் மேல் புறங்கையை வைக்கிறார். காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றியில் வைக்கிற மாதிரிதான். உள்ளங்கை காய்த்துப்போய்விட்டது, அதற்குச் சூடும் தெரியாது குளிரும் தெரியாது. புறங்கைதான் பொய் சொல்லாது என்பது அவர் கட்சி. கண்ணை மூடிக்கொண்டு அரை நிமிடம் நிற்பார். பிறகு "மூச்சு வாங்குது" என்பார், அல்லது "ஒண்ணுமில்ல, அழுக்கு" என்பார். அந்த அரை நிமிடத்தில் கடைக்காரர் வேண்டாத தெய்வம் இருக்காது.

கடலைப் பார்த்த அந்த ஒற்றைத் தெருவில் இருபத்துமூன்று சாப்பாட்டுக் கடைகள். பெரிய கம்பெனிக் கடை ஒன்றுகூடக் கிடையாது. எல்லாம் குடும்பக் கடைகள். அடுப்படியில் கணவன், மேஜைகளுக்கு நடுவில் மனைவி, மூலையில் கோபித்துக்கொண்டு வெங்காயம் உரிக்கும் மச்சினன். கடற்காற்று இவர்கள் எல்லோருக்கும் வாடிக்கையாளர்களைக் கொண்டுவருகிறது. அதே காற்றுதான் வெளிச்சுவரில் மாட்டிய இயந்திரங்களையும் அரித்துத் தின்கிறது. வேறு ஊரில் பத்து வருஷம் ஓடுகிற பெட்டி இங்கே மூன்றாம் வருஷமே தொட்டால் உதிர்கிறது. "உப்பைத் தின்னது மெஷினு, தண்ணி குடிக்கறது நான்" என்று சொல்லிவிட்டு, சிரிப்பதற்குத் தெம்பில்லாமல் குனிந்து மூடியைக் கழற்றுவார்.

வயது ஐம்பத்துநான்கு. முழங்கால் இரண்டும் உட்காரும்போது ஒருமுறை, எழும்போது ஒருமுறை சத்தம் போடும். விடுமுறைக் காலம் தொடங்கிவிட்டால் காலை ஆறு மணிக்கு முதல் அழைப்பு வரும். ஒரு கடையில் குனிந்திருக்கும்போதே அடுத்த கடைக்காரர் பின்பக்கச் சந்தில் வந்து நிற்பார், பிரசவத்துக்கு மருத்துவச்சியை அழைக்க வந்தவர்போல. எந்தக் கடைக்கும் முன்வாசல் வழியாகப் போன பழக்கம் அவருக்கு இல்லை. குப்பைத் தொட்டி, காலிப் புட்டிகள், காயப்போட்ட துடைதுணிகள் என்று அந்தத் தெருவின் முதுகுதான் அவருக்குத் தெரியும். கடல் எந்தப் பக்கம் என்று கேட்டால் ஒரு நொடி யோசித்துத்தான் கையைக் காட்டுவார் என்று அவர் மனைவி சொல்கிறாள். அதில் கேலி பாதி, வருத்தம் பாதி.

வேலை முடிந்ததும் எந்தக் கடையிலும் சாப்பிடாமல் விடமாட்டார்கள். அங்கேயே, பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில், கையில் தட்டை ஏந்தியபடி சாப்பிடுவார். உள்ளே போய் உட்காரச் சொன்னால் கேட்கமாட்டார். "உக்காந்தா தூங்கிருவேன்" என்பது பதில். அதுவும் கண்ணெதிரே உடைத்து ஊற்றிய முட்டையும் ரொட்டியும்தான். ஊரார் இவரைப் பார்த்துப் பொறாமைப்படுகிறார்கள், தினம் ஒரு கடைச் சாப்பாடு, கொடுத்துவைத்தவர் என்று. "இந்தத் தெருவுல நான் சாப்பிடாத கடை இல்ல. உக்காந்து சாப்பிட்ட கடையும் இல்ல" என்று அவர் சொல்வதை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

இயந்திரத்தைப் பார்க்கப் போகிற இடத்தில் இவர் மனிதர்களையும் பழுதுபார்க்க வேண்டியிருக்கிறது. அண்ணன் தம்பி கடை என்று ஒன்று. இருவரும் பேசிக்கொண்டு நாலு வருஷம் ஆகிறது. அண்ணன் வந்து பெட்டியின் குளிரை ஏற்றுவார், தம்பி வந்து இறக்குவார். வாரம் ஒருமுறை இவரைக் கூப்பிட்டு ஒருவர்மேல் ஒருவர் புகார் சொல்வார்கள். ஒருநாள் இவர் குளிரைக் கூட்டிக் குறைக்கும் திருகுகுமிழைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். பெட்டி அன்றிலிருந்து ஒழுங்காக ஓடுகிறது. அண்ணன் தம்பி இருவரும் இப்போது சேர்ந்து இவரைத் திட்டுகிறார்கள். அந்த அளவுக்காவது ஒற்றுமை வந்ததே என்று இவருக்குத் திருப்தி.

எந்தக் கடையில் என்ன கெட்டுப்போனது, எவர் எதைத் தூக்கிப் போட்டார், எவர் போடவில்லை என்பதெல்லாம் இவருக்குத் தெரியும். ஆனால் வாயைத் திறக்கமாட்டார். வெளியூர்க்காரர்கள் வழியில் நிறுத்தி, எங்கே நன்றாக இருக்கும் என்று கேட்டால், "எல்லாம் நல்லாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு வண்டியை உதைப்பார். முன்பு ஒருமுறை, முடிவெட்டும் கடையில் உட்கார்ந்திருந்தபோது, பேச்சோடு பேச்சாக ஒரு கடையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். பெட்டிக்குள் தண்ணீர் வடியும் குழாயில் பாசி பிடித்திருந்தது, அவ்வளவுதான். தலை துவட்டி முடிப்பதற்குள் அது தெருக்கோடிக்குப் போய்ச் சேர்ந்தது; சேர்ந்தபோது பாசி புழுவாகியிருந்தது. அடுத்த மாதம் அந்தக் கடை இல்லை. அந்தக் குடும்பம் மூட்டை முடிச்சோடு பேருந்துக்கு நின்றதை இவர் எதிர்ச்சாரியில் நின்று பார்த்தார். போய்ப் பேசத் துணிச்சல் வரவில்லை. அதற்குப் பிறகு, கோளாறைக் கடைக்காரரிடம் மட்டும் சொல்வது, வேறு ஒரு ஈ காக்கையிடமும் சொல்வதில்லை என்று வைத்துக்கொண்டார். "வைத்தியன் மாதிரிதான் நானும். ஒரு வீட்டு நோவை இன்னொரு வீட்டுல சொல்லக் கூடாது."

வாயை அடக்கிவிட்டார், மனதை அடக்க முடியவில்லை. மனைவியை அழைத்துக்கொண்டு வெளியே சாப்பிடப் போவதென்றால் இரண்டு பேருந்து மாறி அடுத்த ஊருக்குப் போகிறார். அங்கே சாப்பாடு சுமார், ஈ மொய்க்கும், பரிமாறுகிறவர் முறைப்பார். ஆனால் அங்கேயுள்ள பெட்டிகளை இவருக்குத் தெரியாது. "தெரியாத தேவதைக்குத் தெரிஞ்ச பிசாசே மேல்னு சொல்வாங்க. இவருக்கு மட்டும் எல்லாமே தலைகீழ்" என்று மனைவி பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரிடம் அலுத்துக்கொள்வாள். கல்யாண நாளைக்கு இருபது வருஷமாக இந்தக் கூத்துதான்.

போன வாரம் மகளைப் பெண் கேட்டிருந்த வீட்டார் வந்தார்கள். மகள் வேலை பார்க்கும் நகரத்தில் அவளோடு வேலை பார்க்கும் பையன். அவனும் அப்பா அம்மாவும். இரண்டு வீடும் ஒன்றாக உட்கார்ந்து பேசப்போவது இதுதான் முதல் தடவை. பையனின் அப்பாவுக்குக் கடலோரத்தில் உட்கார்ந்து மீன் சாப்பிட வேண்டும் என்று ஆசையாம். மகள் யாரையும் கேட்காமல் மூலைக்கடையில் மேஜை சொல்லி வைத்துவிட்டாள்.

அன்று காலை எட்டு மணியிலிருந்து பிரிட்ஜ்காரர் மூலைக்கடையில்தான் இருந்தார். இரவிலேயே அந்தக் கடையின் பெட்டி நின்றுபோயிருந்தது. கடையை நடத்துகிற பெண் காலையில் வந்து திறந்தபோது ஐஸ் முழுவதும் தண்ணீராகி, மீன்கள் அதில் மிதந்துகொண்டிருந்தன. காற்று பலமென்று மூன்று நாளாகப் படகுகள் போகவில்லை. அதற்கென்றே சேர்த்து வாங்கி வைத்திருந்த மீன். ஆறே மேஜைகள் உள்ள கடை. கணவன் விட்டுப்போன பிறகு தங்கையை வைத்துக்கொண்டு ஒற்றை ஆளாக இழுத்துப் பிடிக்கிறாள். இவர் புறங்கையைத் தண்ணீருக்குள் விட்டுப் பார்த்தார். "எல்லாத்தையும் தூக்கிப் போட்டுரும்மா. மறுபடி உறைஞ்சிருச்சுன்னா பாக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா விஷம்" என்றார். "சரிண்ணே" என்றாள் அவள். மீனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். மத்தியானம் இரண்டு மணிக்குப் பெட்டி ஓட ஆரம்பித்தது. அவர் கிளம்பும்போது அந்த மீன் இன்னும் பெட்டிக்குள்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து மூலைக்கடை என்று கேட்டதும் வேறு கடை பார்க்கலாமே என்றார். மகள் சிரித்தாள். எந்தக் கடையைச் சொன்னாலும் அப்பா இதைத்தான் சொல்வார், இதுவரை ஒரு கடையாவது சரி என்றதுண்டா என்று கேட்டாள். காரணத்தைச் சொல்லலாம், சொன்னால் மகள் பையனிடம் சொல்வாள், அவன் அம்மாவிடம் சொல்வான். கால் கடுத்தது, தலை கனத்தது. தூக்கிப் போட்டிருப்பாள், நல்ல பெண்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வெள்ளைச் சட்டையை எடுத்து மாட்டினார். அலுப்பு ஒரு மனிதனை எதையெல்லாம் நம்ப வைக்கிறது.

முன்வாசல் வழியாக அவர் வருவதைப் பார்த்து மூலைக்கடைக்காரிக்கு ஒரு கணம் யாரென்றே பிடிபடவில்லை. பிடிபட்டதும் முகம் வெளுத்தது. தங்கையை அனுப்பாமல் அவளே மேஜைக்கு வந்தாள். பையனின் அப்பா கைகளைத் தேய்த்துக்கொண்டு, சுவரில் சாக்பீஸால் எழுதியிருந்த பலகையைப் பார்த்து, நல்ல பெரிய மீனாக நாலு என்றார்.

அவள் மேஜை விளிம்பைத் துடைத்தாள். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"உங்களுக்கு மீன் வேணாம்ண்ணே" என்றாள், பிரிட்ஜ்காரரைப் பாராமல். "கோழி போட்டுத் தர்றேன்."

பலகையில் இருக்கிறதே என்று பையனின் அப்பா கேட்டார். தீர்ந்துபோய்விட்டது என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள். பிரிட்ஜ்காரருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவள் மீனைத் தூக்கிப் போடவில்லை. இவர் வீட்டாருக்குக் கொடுக்க மட்டும் அவளுக்கு மனம் வரவில்லை. அந்த ஈரத்தை நினைத்து மனம் இளகியது. அடுத்த நொடியே, மற்ற ஐந்து மேஜைகளையும் பார்த்து நடுங்கியது. நல்லவேளை, அப்போதுதான் கடையே நிரம்பத் தொடங்கியிருந்தது. யார் தட்டிலும் இன்னும் எதுவும் இல்லை.

உள்ளே போய் அவளிடம் பேசலாம் என்று எழப் போனார். அதற்குள் அவள் தங்கை இரண்டு தட்டுகளோடு வெளியே வந்து பக்கத்து மேஜையில் வைத்தாள். மொறுமொறுவென்று பொரித்த மீன், பார்க்க அழகாகத்தான் இருந்தது. இளம் கணவன் மனைவி, நடுவில் ஐந்து வயதிருக்கும் ஒரு பெண் குழந்தை. சாப்பிடாதீர்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வார்த்தை தெருக்கோடிக்குப் போவதற்கு எவ்வளவு நேரமாகும் என்பது அவருக்குத் தெரிந்ததுபோல் வேறு யாருக்கும் தெரியாது. குழந்தை ஒரு துண்டைப் பிய்த்து ஊதிக்கொண்டிருந்தது.

முழங்கால்கள் சத்தம் போட எழுந்து போய், இரண்டு தட்டுகளையும் தூக்கினார். "இது எங்க மேஜைக்கு வந்தது. மாத்தி வச்சிட்டாங்க."

இல்லை, நாங்கள்தான் மீன் சொன்னோம் என்றான் அந்தக் கணவன். நாங்கள் முதலில் சொன்னோம் என்றார் இவர். அவர் குரல் அவருக்கே அசிங்கமாகக் கேட்டது. குழந்தையின் விரல்களிலிருந்த துண்டையும் வாங்கித் தட்டில் போட்டுக்கொண்டார். குழந்தை வீறிட்டது. பெரிய மனுஷன், பிள்ளை வாயிலிருந்து பிடுங்குகிறானே என்று பின் மேஜையிலிருந்து யாரோ சொன்னார்கள். ஆறு மேஜையும் அவரையே பார்த்தன.

தட்டுகளைக் கொண்டுவந்து தன் முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மகள் தலையைக் குனிந்துகொண்டாள்; அவள் காது மடல்கள் சிவந்திருந்தன. பையன் தண்ணீர்க் குவளையையே பார்த்துக்கொண்டிருந்தான். சமையலறை வாசலில் நின்றிருந்த மூலைக்கடைக்காரி மெல்ல நடந்து வந்து, பலகையில் மீன் என்று எழுதியிருந்த வரியை உள்ளங்கையால் அழித்தாள். பிறகு பக்கத்து மேஜைக்குப் போய்க் குனிந்து மன்னிப்புக் கேட்டு, குழந்தைக்கு வேறு என்ன பிடிக்கும் என்று விசாரித்தாள்.

"காலைலேருந்து ஒண்ணும் சாப்பிடலையா?" என்று பையனின் அம்மா கேட்டாள். மரியாதை குறையாமல்தான் கேட்டாள்.

"ஆமாங்க. நல்ல பசி" என்றார்.

பையனின் அப்பா நல்ல மனிதர். சூழ்நிலையைச் சிரித்துச் சமாளித்துவிடலாம் என்று நினைத்தாரோ என்னவோ, சம்பந்தி ஆகப்போகிற உரிமையில், "அப்ப நமக்கும் ஒரு துண்டு கிடைக்கும்" என்று சொல்லிக்கொண்டே மேஜைக்குக் குறுக்கே கையை நீட்டினார்.

"எனக்கே பத்தாதுங்க" என்றார் பிரிட்ஜ்காரர். இரண்டு தட்டுகளையும் நெஞ்சோடு இழுத்து, அவற்றைச் சுற்றி இடது கையை வளைத்துப் போட்டுக்கொண்டார்.