தப்பு என்று நான் எழுதிய ஏழு எண்கள்

2001-ஆம் வருஷம் இருக்கும். மதுரையில் ஒரு பெண்கள் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். வீடு செல்லூரில். அங்கிருந்து ஆற்றைத் தாண்டி சிம்மக்கல் வந்து, இன்னொரு டவுன் பஸ் பிடித்தால்தான் கல்லூரி. அந்த சிம்மக்கல் ஸ்டாப்பை ஒட்டி ஒரு எஸ்.டி.டி. பூத் இருந்தது. நான் சொல்லப்போவதில் முக்கால்வாசி அந்தப் பூத்துக்குள் நடந்ததுதான்.

அதற்கு முன்னால் எனக்கிருந்த ஒரு பைத்தியத்தைச் சொல்லிவிட வேண்டும். சென்னையில் வேலை பார்த்த சித்தப்பா மகன் ஒரு தீபாவளிக்கு வந்தபோது ஓர் ஆங்கிலப் படத்தின் வி.சி.டி. கொண்டுவந்தான். அடுத்தவர் கம்ப்யூட்டருக்குள் புகுந்து விளையாடும் நாலைந்து இளவட்டங்களின் கதை. வந்த புதிதில் தியேட்டரில் ஓடாத படம். பிற்பாடு உலகம் முழுக்க அதற்கென்று ஒரு ரசிகர் கூட்டம் சேர்ந்துவிட்டது. கதையைக் கேட்டால் எங்கள் கல்லூரி லேப் அசிஸ்டென்ட்கூடச் சிரிப்பார். ஆனால் அந்த இசை இருக்கிறதே! வயலின், புல்லாங்குழல் எதுவும் கிடையாது. மோடம் இன்டர்நெட் இணைப்புக்குப் போராடும்போது ஒரு கிறீச்சிடல் வருமே, அதையே இழுத்து, வளைத்து, அதன்மேல் தாளம் போட்டிருந்தார்கள். காதில் விழுந்தாலே விரல்கள் தானாகக் கீபோர்டைத் தேடும்.

படத்தில் வந்த பாதி இசை அதன் ஆல்பத்தில் கிடையாது. அதனால் வி.சி.டி. பிளேயரிலிருந்து டேப் ரிக்கார்டருக்கு ஒயர் கொடுத்து, படத்தின் சத்தம் முழுவதையும் இரண்டு கேசட்டில் பதிவு செய்துவைத்துக்கொண்டேன். பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் வாக்மேனில் அதுதான். கூடவே ஒரு நோட்டு. எந்தக் காட்சியில் மேஜைமேல் இருந்த டம்ளர் அடுத்த நொடி காணாமல் போகிறது, திரையில் ஓடும் எழுத்துகளில் எது நிஜம், எது சும்மா, எந்த இடத்தில் எந்த இசை எத்தனை விநாடி வருகிறது, எல்லாம் அதில் இருக்கும். அந்தப் படத்துக்கென்றே ரசிகர்கள் நடத்திய ஓர் இணையதளம் இருந்தது. வாரம் ஒருநாள் பிரவுசிங் சென்டருக்குப் போய், நான் கண்டுபிடித்ததை அதில் எழுதிவிட்டு வருவேன். பெரும்பாலும் எனக்கு முன்னால் யாராவது எழுதியிருப்பார்கள். அதில் எனக்கு ரொம்ப வருத்தம்.

இனி பூத் அக்கா. முப்பது வயதுக்குள்தான் இருக்கும். கோச்சடையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். பிறவியிலேயே பார்வை கிடையாது. மேஜைமேல் ஒரு போனும் மீட்டரும் இருக்கும். வருகிறவர்கள் நம்பரைச் சொல்லிவிட்டு அவர்களே அடித்துக்கொள்வார்கள். பஸ் தாமதமானால் நான் அங்கிருந்து வீட்டுக்குப் பேசுவேன். எங்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். அக்காவுக்கு அதில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது. ஆனாலும் நான் போனை வைத்ததும், “என்ன, அம்மா இன்னைக்கு வஞ்சுட்டாங்களா?” என்று சரியாகக் கேட்பார்.

ஒருநாள் நல்ல மழை. பூத்துக்குள் ஒதுங்கி நின்று வாக்மேன் கேட்டுக்கொண்டிருந்தேன். சத்தம் வெளியே கசிந்திருக்கும்போல. அது என்னவென்று கேட்டு, ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டார். பத்து நிமிஷம் அசையவில்லை.

“உன் கேசட்டு ஒரு பொடி வேகமா ஓடுதும்மா. ஆனா நல்லா இருக்கு. நடுவுல யாரோ போன் போடுறாங்கள்ல?” என்று சொல்லிவிட்டு, கடகடவென்று ஏழு எண்களைச் சொன்னார்.

எனக்குப் புரியவில்லை. எந்த நம்பர் என்று கேட்டேன். அவர் சாதாரணமாகச் சொன்னார், போனில் ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு சத்தம் உண்டாம். வருஷக்கணக்காக நாள் முழுக்க அதைக் கேட்கிறாராம். யார் எந்த நம்பரை அடித்தாலும் தெரிந்துவிடுமாம். நான் நம்பாமல், அவருடைய போனிலேயே மனதில் தோன்றிய ஐந்து எண்களை அடித்துக் கட் பண்ணினேன். ஐந்தையும் வரிசையாகச் சொன்னார். மறுபடி வேறு ஐந்து. அதையும் சொன்னார். பஸ் வந்து நின்றதும் போனதும் எனக்குத் தெரியவில்லை.

அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக வி.சி.டி.யைப் போட்டேன். அந்தக் காட்சியில் ஒருத்தி நம்பரைச் சத்தமாகச் சொல்ல, கதாநாயகன் அடிப்பான். அவன் கை போனை மறைத்திருக்கும். அவள் சொல்வதில் முதல் மூன்று எண்கள் அக்கா சொன்னதேதான். கடைசி நான்கு வேறு. அவள் சொல்வது ஒன்று, அவன் அடிப்பது இன்னொன்று! மூன்று தடவை ஓட்டிப் பார்த்தேன். உலகத்தில் ஒரு ரசிகன்கூட இதைக் கண்டுபிடிக்கவில்லை என்று நோட்டில் எழுதி, அடிக்கோடு போட்டேன்.

மறுநாள் பிரவுசிங் சென்டருக்கு ஓடினேன். ‘படத்தில் இதுவரை யாரும் கவனிக்காத தப்பு’ என்று தலைப்புப் போட்டு, எண்களை எழுதி, கீழே என் பேரை மட்டும் போட்டேன்.

அக்காவைப் பற்றி எழுதக் கூடாது என்று திட்டம் போட்டெல்லாம் செய்யவில்லை. அப்படித்தான் இன்று வரை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அடுத்த வாரம் பார்த்தால் நாற்பது பேருக்குமேல் பாராட்டி எழுதியிருந்தார்கள். தளத்தை நடத்தியவரே, எந்த சாஃப்ட்வேரை வைத்துக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டிருந்தார். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். ‘சாஃப்ட்வேர் எதுவும் இல்லை, காதால் கேட்டுத்தான்’ என்று பதில் எழுதினேன். யாருடைய காது என்று எழுதவில்லை.

அடுத்த மாதம் இன்னொரு கல்லூரியில் கலைவிழா. வினாடி வினாவில் எங்கள் அணி இறுதிச் சுற்றுக்குப் போனது. கேள்வி கேட்ட மாணவனும் அதே படத்தின் ரசிகன் என்பது மேடை ஏறிய பிறகுதான் தெரிந்தது. என் பேரைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்துவிட்டது. இந்தப் பெண் போன் சத்தத்தைக் கேட்டே நம்பரைச் சொல்லிவிடுவார் என்று மைக்கில் அறிவித்து, ஒரு போனை வரவழைத்து மைக் பக்கத்தில் வைத்தான். என்னை அவமானப்படுத்தச் செய்ததில்லை. நிஜமான ஆசையில் செய்தான். ஐந்து பட்டன்களை அழுத்தினான்.

எனக்கு எல்லாமே ஒரே சத்தமாகத்தான் கேட்டது. வாய்க்கு வந்த ஐந்து எண்களைச் சொன்னேன். ஐந்தும் தப்பு. அரங்கம் சிரித்தது. ஸ்பீக்கர் சரியில்லை என்றேன். அவனும் பாவம், அதை நம்பி வேறு ஸ்பீக்கர் தேடப் போனான். அவன் வருவதற்குள், தலை வலிக்கிறது என்று மேடையை விட்டு இறங்கிவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் தோழி திரும்பி ஒரு பார்வை பார்த்தாள்.

அதற்கப்புறம் நாலு நாள் சிம்மக்கல்லில் இறங்கவேயில்லை. ஒரு ஸ்டாப் தள்ளி இறங்கி, நடந்துபோய் பஸ் ஏறினேன். ஐந்தாம் நாள் என்னால் முடியவில்லை. பூத்துக்குள் போய் நின்றேன். நான் வாய் திறப்பதற்கு முன்னாலேயே அக்கா, “என்னம்மா, ஆளையே காணோம்? ஒடம்புக்கு முடியலயா?” என்றார்.

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். இணையதளம், பாராட்டு, மேடை, ஸ்பீக்கர்மேல் பழி போட்டது வரைக்கும். அந்த நேரம் பார்த்து ஒருவர் வந்து திருச்சி நம்பர் ஒன்றைச் சொல்லிவிட்டு அடித்தார். “அண்ணே, கட் பண்ணுங்க. நாலு போடுற எடத்துல ஏழு போட்டுட்டீங்க,” என்றார் அக்கா. அவர் திரும்ப அடித்து, பேசிவிட்டுப் போகும் வரை நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு என் பக்கம் திரும்பினார். “பேரு கெடக்கட்டும். நீ அதுல என்னன்னு எழுதுன, இன்னொருக்கா சொல்லு.”

“படத்துல ஒரு தப்பு இருக்குன்னு எழுதினேன்க்கா.”

“அதான் எனக்கு ஒரு மாதிரியா இருக்கு. நான் எப்ப அதத் தப்புன்னு சொன்னேன்?”

அவர் எண்களை மட்டும்தான் சொல்லியிருந்தார்.

“கேசட்டு வச்சிருக்கியா? போடு.”

அந்த இடத்தை ஓட்டிக் கொடுத்தேன். ஹெட்போனின் ஒரு பக்கத்தைத் தன் காதிலும் இன்னொரு பக்கத்தை என் காதிலும் வைத்துக்கொள்ளச் சொன்னார். தலையோடு தலை ஒட்டி உட்கார்ந்தோம். அந்தக் காட்சியில் நம்பர் அடித்து முடிகிற இடத்தில் ஓர் இசை மெல்லத் தொடங்கும். நூறு தடவை கேட்டு, எத்தனை விநாடி என்று நோட்டில் நான் எழுதிவைத்த இசைதான். அக்கா அதைக் கேட்டபடியே போனில் ஸ்பீக்கரைப் போட்டு, அந்தப் பெண் வாயால் சொல்லும் கடைசி நான்கு எண்களை அழுத்தினார். இசையோடு ஒட்டாமல் பல்லில் மணல் கடிபட்டதுபோல் இருந்தது. கேசட்டைப் பின்னால் ஓட்டச் சொல்லி, இந்தத் தடவை படத்தில் கேட்கிற நான்கை அழுத்தினார். நான்கு சத்தமும் அந்த இசைக்குள் போய் உட்கார்ந்துகொண்டன. அதிலிருந்தே பாட்டு மேலே ஏறியது.

“பாத்தியா? வாயில சொல்றத அப்படியே அடிச்சா பாட்டுக்கு ஒதவாது. அதான் மாத்தி அடிச்சிருக்கான். இது தப்பு இல்லம்மா, வேலப்பாடு. என்னையக் கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லிருப்பேன். நீ நம்பர மட்டும்தான கேட்ட.”

கோபமே இல்லாமல்தான் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மேடையில்கூட எனக்கு அப்படி வரவில்லை. அந்தப் படத்தைப் பற்றி எனக்குத் தெரியாதது இல்லை என்று நோட்டுப் போட்டு எழுதியவள் நான். அந்த இசையை ஒரே ஒருமுறை, மழைக்கு நடுவில், ஒரு மட்டமான கேசட்டில் கேட்டவர் அவர். செய்தவரின் மனசு அவருக்குப் புரிந்தது. எனக்கு டம்ளர் காணாமல் போனதுதான் தெரிந்தது.

இணையதளத்தில் உண்மையை எழுதிவிடுகிறேன், உங்கள் பேரைப் போடலாமா என்று கேட்டேன்.

“பேரப் போடு. கண்ணு தெரியாதவன்னு மட்டும் போடாத. அப்புறம் பாட்ட விட்டுட்டு என்னையப் பத்தித்தான் பேசுவாங்க. மதுரையில டெலிபோன் பூத் வச்சிருக்கேன்னு போடு.”

அப்படியே எழுதினேன். கண்டுபிடித்தது நான் இல்லை, நான் தப்பு என்று எழுதியதே தப்பு, இது இவர் கேட்டுச் சொன்னது என்று எழுதி அனுப்பிவிட்டு, ஒரு வாரம் அந்தப் பக்கமே போகவில்லை. பயத்தோடுதான் போய்த் திறந்தேன். இரண்டு பேர் என்னைக் கிண்டலடித்திருந்தார்கள். அது எனக்கு வேண்டியதுதான். மீதிப் பேர் என்னைப் பற்றிப் பேசவேயில்லை. ஐரோப்பாவில் இசை படிக்கும் ஒரு மாணவர், பியானோவில் வாசித்துப் பார்த்தேன், அந்த அம்மா சொல்வது சரி, அந்த நான்கு எண்களைத் தவிர வேறு எதைப் போட்டாலும் இவ்வளவு பொருந்தாது என்று எழுதியிருந்தார். இசையமைத்தவர் வேண்டுமென்றே செய்தாரா, தற்செயலா என்று இன்று வரை யாருக்கும் தெரியாது. அக்காவுக்கு மட்டும் அதில் சந்தேகமே கிடையாது.

பிறகு அவருக்கென்றே கேள்விகள் வர ஆரம்பித்தன. இந்தக் காட்சியில் பின்னால் ஓடுவது மோடம் சத்தமா, வாத்தியமா, மதுரை அக்காவிடம் கேட்டுச் சொல்லுங்கள் என்பார்கள். நான் பிரின்ட் எடுத்துக்கொண்டு வந்து, கூட்டமில்லாத மத்தியானங்களில் தமிழில் சொல்வேன். படத்தையும் காட்சி காட்சியாக அவருக்குச் சொன்னேன். ஒவ்வொரு கேள்விக்கும் முதலில் அவர் கேட்பது, “இவரு எந்த ஊராம்?” என்றுதான். ஊர் தெரியாமல் பதில் சொல்ல மாட்டார்.

நான் படிப்பு முடித்து பெங்களூருக்குப் போனேன். அக்கா பூத்தை விட்டு, ஒரு மருத்துவமனையில் டெலிபோன் ஆபரேட்டராகச் சேர்ந்தார். இப்போதும் எப்போதாவது பேசுவோம். நான் ஹலோ சொல்வதற்குள் என் பேரைச் சொல்லிவிடுவார்.

எனக்கு அமைந்த வேலை என்ன தெரியுமா? அடுத்தவர் எழுதிய புரோகிராமில் தப்புக் கண்டுபிடிப்பது. இருபது வருஷமாக அதைத்தான் செய்கிறேன். ஆனால் ஒன்றைத் தப்பு என்று பதிவு செய்வதற்கு முன்னால், எழுதியவருக்கு ஒரு போன் போட்டு, இதை ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டுவிடுவேன். பெரும்பாலும் அது தப்பாகத்தான் இருக்கும். அப்படி இல்லாமல் போகிற ஒன்றிரண்டுக்காகத்தான் ஒவ்வொரு தடவையும் கேட்கிறேன்.