இரண்டு லைனுக்கும் ஒரே சேதி

திருவிழாவில் சாமியை யார் தூக்குவது என்று மேல் லைன் வீட்டுக்காரர்களும் கீழ் லைன் வீட்டுக்காரர்களும் அடித்துக்கொண்டதில், ஈப்போவுக்கு மேலே மலையில் இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பல மண்டைகள் உடைந்தன. சமாதானம் வர ஒரு வருடம் ஆனது. சண்டையன்று நான் கோயில் சமையற்கட்டில் அண்டாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். யாரையும் அடிக்காத ஒரே ஆம்பளை என்ற பெயர் எனக்கு அப்படித்தான் வந்தது.

வெளியே கை ஓங்க முடியாமல் போனவர்கள் வீட்டுக்குள் ஓங்கத் தொடங்கினார்கள். தோட்டத்துக் கிளினிக்கில் கட்டுப் போடும் அக்கா ஒரு கூட்டத்தில் கேட்டார்: "இது நாலாவது கை முறிவு. எல்லாருமே பாத்ரூம்ல வழுக்கி விழுந்தாங்களாம். அப்படி என்ன பாத்ரூம் லா அது?"

அதனால் பெண்களுக்கு உதவ ஒரு குழு அமைந்தது. மேல் லைனில் ஐவர், கீழ் லைனில் ஐவர். அக்காவைத் தவிர எல்லாரும் ஆண்கள். ஒருங்கிணைப்பாளன், மேல் லைன் லோரி டிரைவரான நான். சமாதானத்தின்போது போட்ட விதி எங்களுக்கும் பொருந்தியது: எந்த விஷயமானாலும் இரண்டு லைன் தலைவர்களுக்கும் ஒரே நேரத்தில் சொல்லிவிட வேண்டும்.

ஒரு சாயங்காலம் கீழ் லைனில் கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தி, உதடு கிழிந்து அக்கா வீட்டுக்கு வந்தாள். புருஷன் ரப்பர் குழாயால் அடித்திருந்தான். அக்கா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரியில விட்டுடுங்கண்ணே. போலீஸ் ரிப்போர்ட் போட்டுட்டு அப்படியே ஈப்போவுக்குப் போயிடறேன். இங்க யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

காலை ஆறு மணிக்கு வருகிறேன் என்று வீரமாகச் சொன்னேன். வீரம் என் வீட்டு வாசல்வரைதான் வந்தது. மேல் லைன்காரன் கீழ் லைன் பெண்ணைக் கடத்திவிட்டான் என்று அவர்கள் கிளம்பினால்? மறுபடியும் தடி, மறுபடியும் மண்டை. இப்போதிருக்கும் தொப்பையை எந்த அண்டாவும் மறைக்காது.

"அடி வாங்கினது அவ. தலைவலி மாத்திரை முழுங்கறது நீயா?" என்றாள் என் மனைவி.

நான் விதியைக் காப்பாற்றினேன். இரண்டு தலைவர்களுக்கும் போனில் ஒரே சேதி அனுப்பினேன்: ஆறு மணி, அக்கா வீடு, லோரி. கீழ் லைன் தலைவர் அவள் புருஷனுக்குத் தாய்மாமன். அது எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. அவர்கள் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவன் நான்.

காலையில் அக்கா வீட்டு முன்னால் தலைவர், புருஷன், இன்னும் நாலு பேர் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு மரியாதையாக நின்றிருந்தார்கள்.

"வாங்க டிரைவரே. நீங்க சொன்னது நல்லதாப் போச்சு லா. குடும்ப விஷயம், நாங்களே பேசிக்கிறோம்," என்றார் தலைவர்.

அக்கா என்னைப் பார்த்தார். "நீயாடா சொன்னே?"

பயம் வந்தால் என் வாய் வேடிக்கை பேசும். "இத்தனை பேர் டவுனுக்கு வர்றதா இருந்தா பஸ்ஸே பிடிச்சிருப்பேனே," என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். புருஷன்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தான். "அண்ணன் எப்பவுமே இப்படித்தான் லா," என்று என் தோளில் தட்டினான். அவள் துணிப்பையோடு வெளியே வந்தாள். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்துவிட்டு அவன் பின்னால் நடந்தாள்.

'இரு தரப்பும் பேசிச் சுமுகமாக முடிந்தது' என்று குழுவின் நோட்டில் எழுதியதும் நான்தான். கையெழுத்து அழகாகவே வந்திருந்தது.

இரண்டு வாரம் கழித்து, கோலா தெர்லா பக்கம் லோரி ஓட்டிப் போனபோது அவளைப் பார்த்தேன். இடது கையைத் துணியில் கட்டித் தொங்கவிட்டபடி சாலையோரம் ஈப்போ பஸ்ஸுக்குத் தனியாக நின்றாள். ஏற்றிக்கொள்ளலாம் என்று பிரேக்கில் காலை வைத்தேன். லோரியைக் கண்டதுமே அவள் திரும்பி, முட்டைக்கோஸ் பாத்திக்குள் இறங்கி வேகமாக நடக்க ஆரம்பித்துவிட்டாள்.

கண்ணாடியில் பார்த்தேன். எனக்குப் பின்னால் பஸ் வந்துகொண்டிருந்தது. நான் அங்கே நிற்கும்வரை அவள் மேலே ஏறி வரமாட்டாள். பிரேக்கிலிருந்து காலை எடுத்து, லோரியை விரட்டினேன்.