நங்கை தின்ற அகத்திப்பூ

சின்ன வெங்காயமும் தேங்காயும் போட்டு அகத்திப்பூ வதக்கும் வாசம் இருக்கிறதே... வயிறு நிறைந்திருந்தாலும் இன்னொரு வாய் கேட்கும்.

நாமக்கல்லுக்குத் தெற்கே, காவிரித் தண்ணீர் பாயும் வெற்றிலைக் கொடிக்கால் எங்களுடையது. வெற்றிலைக் கொடி பற்றி ஏற அகத்தி மரம்தான். அதனால் மாட்டுக்கும் அகத்தி, எங்களுக்கும் அகத்தி! வெள்ளைக்காரன் கிளம்புவதற்குக் கொஞ்சம் முந்தி. எனக்கு ஒன்பது வயது.

நங்கை, அதாவது என் அண்ணன் பெண்டாட்டி, வந்து நாலு வருஷமாகியும் குழந்தை இல்லை. வைத்தியர் ஒரு மண்டலத்துக்கு, நாற்பத்தெட்டு நாளுக்கு, லேகியம் கொடுத்திருந்தார். கடும் பத்தியம். அதிலும் அகத்தி நாக்கில் படவே கூடாது, மருந்தை முறித்துவிடும் என்பார்கள். மருந்து பலிக்காவிட்டால் அண்ணனுக்கு வேறு பெண் என்று எங்களைப் பெற்ற ஆத்தா முடிவே செய்துவிட்டாள். மல்லசமுத்திரத்தில் பெண்கூட ரெடி. அண்ணன் வாயே திறக்கவில்லை. இப்போது நினைத்தாலும் எனக்குக் கோபம் வருகிறது.

நாற்பத்தைந்தாம் நாள்... ஆத்தா வேண்டுதலுக்காகத் திருச்செங்கோட்டு மலைக்குப் போயிருந்தாள். நங்கைக்கு மிளகுரசச் சோறு தொண்டையில் இறங்கவில்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. கீரைதானே ஆகாது, பூ என்ன செய்யும் என்று நானாக ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். பூப்பறித்து, நடுநரம்பைக் கிள்ளி, வதக்கி வைத்தேன். மிச்சமில்லாமல் தின்றாள்.

சாயங்காலம்தான் சந்தேகம் வந்தது. மெதுவாக அப்பாவிடம் கேட்டேன்.

"கீரையென்ன, பூவென்ன... எல்லாம் ஒரே மரந்தான சாமி!"

அழுதுகொண்டே நங்கையிடம் ஓடினேன்.

"தெரிஞ்சுதான் தின்னேன் சாமி. நாக்கு செத்துக் கெடந்துச்சு. எனக்குன்னு ஒருத்தி ஆக்கி வெச்சிருக்கறா, வேண்டாம்னு எப்படிச் சொல்றது? ஆத்தாகிட்ட மூச்சு உட்டுறாத."

அதற்கப்புறம் மல்லசமுத்திரத்திலிருந்து யார் வந்தாலும் எனக்குத் திக்கென்று இருக்கும். மூன்றாம் மாதம் ஒரு காலை, நங்கை வாய்க்கால் ஓரம் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள்.

"ஏனுங்க, மருந்து பலிச்சிருச்சுங்க!" என்று ஆத்தா அப்பாவிடம் ஓடினாள். நங்கையும் நானும் ஒருவரையொருவர் பார்த்தோம். சிரிப்பை அடக்க முடியவில்லை.

அன்று வயிற்றில் இருந்தவனின் பேத்திக்கு இப்போது கல்யாணமாகி நாலு வருஷம். சேலத்தில் ட்ரீட்மென்ட். போன வாரம் போனில் பேசினாள்.

"குழந்தை இல்லீன்னு உன்னைய ஏதாச்சும் சொல்றாங்களா சாமி?" என்று பயந்துகொண்டேதான் கேட்டேன்.

"என்னைய மட்டும் எதுக்குங்க சொல்லப் போறாங்க? டாக்டரு மொதல்ல அவரத்தான் டெஸ்டுக்கு வரச் சொன்னாங்க. லீவு போட்டுட்டு வந்தாரு."

போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன்... சந்தோஷத்தில்தான். என் அண்ணனை அன்றைக்கு ஒரு வைத்தியரும் கூப்பிடவில்லை. நங்கை இதைக் கேட்டிருக்க வேண்டும்.